ஆட்டு சோப்புக் கிடா ஏன் கண்ணை மூடியிருக்கிறது

நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சோப்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நீல உறை. பிரித்தால் எலுமிச்சைப்புல் வாசனையோடு நீளமான கட்டி. உறையின் நடுவில் நுரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் வெள்ளைக் கிடா. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களின் பள்ளிச் சீருடை ஒருமுறையாவது அந்தச் சோப்பில் வெளுத்திருக்கும். அதற்கு ‘வெண்முகில்’ என்று முறையான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் அது ஆட்டு சோப்பு.

சென்ற மாதம் சித்தப்பாவின் மகள் என் கைபேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பினாள். சித்தப்பாவுக்குப் பிறகு கம்பெனியை நடத்துவது அவள்தான். கட்டி சோப்போடு இப்போது சலவைத் திரவமும் போடுகிறார்கள். அதற்கான புதுப் பையின் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். பின்பக்கத்தில் ‘எங்கள் கதை’ என்று நாலைந்து வரி அச்சிட்டிருந்தது. எங்கள் நிறுவனர் ஒருநாள் கனவில் தவம் செய்யும் கிடா ஒன்றைக் கண்டார், தூய்மை என்பதும் ஒரு தவம் என்று உணர்ந்தார் என்று அதில் இருந்தது.

சித்தப்பா படுத்தால் குறட்டைதான். கனவு கண்டதாக அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை.

“யாரோ ஏஜென்சிக்காரங்க எழுதிக் குடுத்தாங்கக்கா. தப்பு இருந்தா நீ திருத்திக் குடு” என்றாள் தங்கை. திருத்த உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. முன்பக்கப் படத்திலும் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

முப்பது வருடங்களாக நாள்குறிப்பு எழுதுகிறவள் நான். இந்தக் கதை நடந்த சிறுவயதில் எழுதவில்லை. ஆகவே கண்ணால் கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொன்னதைச் சொன்னார்கள் என்றும் பிரித்தே எழுதுகிறேன். கிடாவின் விஷயத்தில் பெரும்பாலும் நான் பக்கத்திலேயே இருந்தேன்.

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகும் வழியில், முந்திரிக்காடுகளுக்குள். எனக்கு ஏழு வயதில் டைஃபாய்டு வந்து அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒருநாள் டாக்டர் “பாக்கலாம்” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாராம். அன்று அம்மா என் பக்கத்தில் அப்பாவை உட்காரவைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள். எங்கள் வெள்ளாடு அன்று காலை ஒரு குட்டி போட்டிருந்தது. காது நுனிகூடக் கறுப்பில்லாத வெள்ளைக் குட்டி. ஈரம் காயாத அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கும் கருப்பசாமி முன்னால் போய் நின்று, பிள்ளை எழுந்து நடந்தால் இது உனக்கு என்று வேண்டிக்கொண்டாள். இது அம்மா சொன்னது. நான் எழுந்து நடந்தது நானறிந்தது.

நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டிப்போட மாட்டார்கள், விற்க மாட்டார்கள். யார் கொல்லையில் வாய் வைத்தாலும் சாமி கெடா என்று விட்டுவிடுவார்கள். இதை எங்கள் கிடா வெகு சீக்கிரம் தெரிந்துகொண்டது. ஊரே தன் கொல்லை என்று நடந்தது. காலையில் என்னோடு பள்ளிக்கூடம்வரை வரும். மணி அடித்ததும் திரும்பிப் போகும். நாங்கள் இருவரும் ஒரே நாளில் பிழைத்தவர்கள் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அதனால் அதைக் கூடப்பிறந்ததுபோல நினைத்தேன்.

அம்மா இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் எனக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

“அதுமேல ரொம்ப ஒட்டிக்காத. அடுத்த சித்திரைக்கு அதச் சாமிகிட்ட குடுத்தாவணும்.”

“வேற கெடா வாங்கிக் குடுத்தா?”

“சொன்ன கெடாவதான் குடுக்கணும். அது உன் உசுருக்குப் பதிலு.”

அதற்குமேல் நான் எப்படிக் கேட்பது? கிடாவை வெட்டாதே என்றால், என்னை எடுத்துக்கொள் என்று சாமியிடம் சொல்வதுபோல ஆகிவிடும் என்று பயந்தேன். அம்மாவின் சீப்பு அன்று என் தலையில் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. அவளுக்கும் அதே பயம்தான் என்பது இப்போது புரிகிறது. அன்று அவள் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தை மாதத்தில் சித்தப்பா திருச்சியிலிருந்து திரும்பி வந்தார். அங்கே ஒரு சோப்பு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இனி சொந்தமாகச் சோப்பு போடப்போகிறேன் என்று மாட்டுக் கொட்டகையில் பாதியைத் தடுத்துக்கொண்டார். பெரிய இரும்புக் கொப்பரை, மரத்துடுப்பு, சோப்புக் குழம்பை ஊற்றி ஆறவிடும் மரப்பெட்டி, ஆறியதைத் துண்டுபோடும் கம்பி. அவருடைய தொழிற்சாலை அவ்வளவுதான்.

“திருச்சிக்குப் போயி ஆளாயி வருவான்னா, டப்பா டப்பாவா காஸ்டிக் சோடா கொண்டாந்திருக்கான்” என்றார் அப்பா.

“சிரிங்கண்ணே. நாளைக்கு உங்க வேட்டிய நாந்தான் வெளுக்கணும்” என்றார் சித்தப்பா.

முதலில் போட்ட சோப்பு முரடாக இருந்தது. தன் முன்கையில் தேய்த்துப் பார்த்து, சிவந்து போனதும் ஊதிக்கொண்டே அடுத்த கொப்பரை ஏற்றுவார். மாசிக்குள் ஒரு பதம் வந்துவிட்டது. இலுப்பை எண்ணெய் கூட்டி, சோடாவைக் குறைத்து, நீலம் சேர்த்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் இரண்டு சொட்டு. கொட்டகையில் மாட்டு வாசனையும் எலுமிச்சைப்புல் வாசனையும் சேர்ந்து வீசும். இன்றும் எங்காவது எலுமிச்சைப்புல் மணந்தால் எனக்குக் கூடவே ஒரு மாடும் நினைவுக்கு வருகிறது.

சோப்பு நன்றாக வந்தது, வாங்க ஆள் வரவில்லை. ஜெயங்கொண்டம் சந்தையில் வாளியும் வேட்டியுமாக உட்கார்ந்து துவைத்துக் காட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். ஒரு அம்மாள் இடுப்பில் கூடையோடு நின்று பார்த்தார்.

“தம்பி, வேட்டியில அழுக்கே இல்லியே. எதத் தொவைக்கிற?”

“இருந்துச்சுங்க. போயிருச்சு.”

“நான் வர்றப்பவே இல்லியே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு இல்லை. சோப்பு மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் கிடா முந்திரிக்காட்டிலிருந்து திரும்பி வந்தது. அங்கே கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரச் செம்மண் குவியலில் படுத்து எழுந்திருக்க வேண்டும். கொம்பிலிருந்து குளம்புவரை செங்கல் நிறம். அம்மாவே அடையாளம் தெரியாமல் “யாரு வூட்டுக் கெடா இது, த்த” என்று விரட்டினாள். அது விரட்டுக்கு அசையாமல் நேராக வந்து அவளுடைய முறத்தில் வாய் வைத்தது. அப்போதுதான் தெரிந்தது.

“ஐயோ, சாமி கெடாவ இப்படியா உடுறது. தம்பி, அதக் கொஞ்சம் கழுவி உடு” என்றாள் சித்தப்பாவிடம்.

வெள்ளாட்டுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. உங்களில் ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். முதல் சொம்பு ஊற்றியதும் கிடா உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. நான், சித்தப்பா, அம்மா மூவரும் செம்மண் ஆனோம். அம்மா அடுப்பங்கரைக்குப் போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். சாமிக்கு விட்டது பச்சைத் தண்ணீரில் நடுங்கக் கூடாது என்பது அவள் கவலை. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் கிடா யோசித்தது. சித்தப்பா சோப்பைத் தேய்த்துக்கொண்டே கொம்புக்குக் கீழே விரலால் சொறிந்துவிட்டார். அது கழுத்தை நீட்டிக்கொடுத்தது. பிறகு மெல்லக் கண்ணை மூடியது.

நுரையை அலசியதும் உள்ளேயிருந்து பால்போல எங்கள் கிடா வெளியே வந்தது. தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

“என்னா சோப்பு தம்பி அது?”

சித்தப்பா கையில் சோப்போடு அப்படியே நிமிர்ந்தார். ஒரு மனிதருக்கு யோசனை வருவதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். அவருடைய காது நுனி அசைந்தது.

அடுத்த சந்தைக்குக் கிடாவும் வந்தது. சாமி கிடாவைக் குளிப்பாட்டுவது புண்ணியம்தானே என்று அம்மா மறுக்கவில்லை. வழியில் தின்னக் கடலைப் புண்ணாக்குகூட முடிந்து கொடுத்தாள். கிணற்றுமேட்டுச் செம்மண்ணைக் குழைத்து அதன் உடம்பெல்லாம் பூசுவது என் வேலை. என் வாழ்க்கையில் அவ்வளவு மனநிறைவோடு வேறு வேலை செய்ததில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். “படியாண்ட நிக்கட்டும், சீட்டுல ஏத்தாதீங்க” என்றதோடு சரி.

சந்தையில் டீக்கடையிலிருந்து ஒரு குண்டான் வெந்நீர் வாங்கி, விளாவி, எல்லாரும் பார்க்கக் குளிப்பாட்டினார் சித்தப்பா. செங்கல் நிறம் கரைந்து கரைந்து ஓடியது. வேட்டியைக் கிண்டல் செய்த அதே அம்மாள் முன்வரிசையில் நின்றார். கிடா கண்ணை மூடி, தாடையை லேசாக உயர்த்தி, நுரைக்குள் சந்நியாசிபோல நின்றது.

“பெத்த புள்ளைங்க நிக்க மாட்டேங்குது. இது நிக்குது பாரு” என்றார் அந்த அம்மாள். கூடைக்குள் இரண்டு கட்டி போனது.

திரும்பும்போது அதே பஸ். கண்டக்டர் கிடாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“யோவ், காலையில ஏத்துனது செவப்புக் கெடா. இது யாரு கெடா?”

“அதேதாங்க.”

“என்னை என்னான்னு நெனச்ச? சந்தையில மாத்திப் புடிச்சாந்துட்டியா?”

“குளிச்சுச்சுங்க.”

“நான் தெனம் குளிக்கிறேன்யா. நான் செவந்தா போயிட்டேன், வெளுத்தா போயிட்டேன்?”

பஸ்ஸே சிரித்தது. சித்தப்பா கிடாவின் காதுக்குள் விரலை விட்டு, அங்கே ஒட்டியிருந்த செம்மண்ணை எடுத்துக் காட்டினார். கண்டக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு கட்டி குடு. எங்கூட்டுல காட்டுறேன்” என்றார். பிறகு அந்த வழித்தடத்தில் எங்கள் சோப்புக்கு அவரே விளம்பரம்.

மாசி, பங்குனி முழுக்க இப்படியே போனது. கிடாவும் பழகிவிட்டது. சொம்பைக் கண்டால் தானே வந்து நிற்கும். தண்ணீர் விழுமுன்பே கண்ணை மூடிக்கொள்ளும். சந்தை இல்லாத நாட்களில் கொட்டகை வாசலில் வந்து நின்று கத்தும். அம்மா வெந்நீர் வைத்தே தீரவேண்டும்.

விற்பனை கூடியதும் உறை போடவேண்டி வந்தது. அச்சாபீசில் படம் கேட்டார்கள். சித்தப்பாவுக்குச் சிரித்த முகத்தோடு ஒரு பெண் படம் வேண்டும் என்று ஆசை. ஜெயங்கொண்டத்தில் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் என்னையும் அழைத்துப் போனார். அவர் மூன்று பெண்கள் வரைந்து காட்டினார். மூவருக்கும் மீசை மட்டும்தான் பாக்கி.

“பொம்பள படம் நமக்கு அவ்வளவா வராதுங்க. கறிக்கடை போர்டு பாத்திருக்கீங்கள்ல, சுத்துப்பட்டுல எல்லாம் நம்ம கைதான். ஆடுன்னா பிரமாதமா போட்டுரலாம்” என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

ஆர்ட்டிஸ்ட் அங்கேயே வரைந்த ஆடு உண்மையில் பிரமாதமாக இருந்தது. கடைக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “புதுசா கறிக்கடை போடுறீங்களா? எந்தத் தெருவுல?” என்று கேட்டார். சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. ஆர்ட்டிஸ்ட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “சந்தையில உங்க கெடா எப்படி நின்னுச்சு?” என்றார். நான் தாடையை உயர்த்தி, கண்ணை மூடி நின்று காட்டினேன். அவர் ரப்பரால் ஆட்டின் கண்ணை அழித்தார். இரண்டு வளைகோடு போட்டார். சுற்றிலும் நுரை போட்டார்.

“அவ்வளவுதாங்க வித்தியாசம். கறிக்கடைக் கெடா முழிச்சிருக்கும். உங்க கெடா கண்ண மூடியிருக்கும்.”

அந்தப் படம்தான் இன்றுவரை வரும் படம். அதற்கு நின்று காட்டியது நான். இதை வேறெங்கும் எழுதியதில்லை.

நீல உறை போட்ட முதல் கட்டி வீட்டுக்கு வந்த நாளில் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று சித்தப்பாவும் நானும் காத்திருந்தோம். அவள் முகம் வெளிறிப்போனது.

“ஏன் தம்பி, சாமிக்கு விட்டதச் சரக்குல போட்டியா?”

“படம்தான அண்ணி.”

“சித்திரைக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? வெட்டுனதுக்கு அப்புறம் இந்தப் படம் வூடு வூடா போவுமா?”

சித்தப்பா சித்திரையை மறந்தே போயிருந்தார். அன்று சாயங்காலம் அவர் அம்மாவிடம் கொட்டகை வாசலில் நின்று பேசியதை நான் கேட்டேன்.

“அண்ணி, வேற கெடா நல்லதா ரெண்டு வாங்கித் தரேன். இத உட்டுருங்க. தொழிலுக்கு வேண்டிக் கேக்கல. புள்ள மூஞ்சியப் பாருங்க.”

“புள்ள மூஞ்சியப் பாத்துதான் சொல்றேன். சொன்ன சொல்லு தவறி, நாளைக்கு அதுக்கு ஒரு காச்சல் வந்தா உன் சோப்பு வந்து நிக்குமா?”

சித்தப்பா துடுப்பை எடுத்துக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அது என் பின்னலை மென்றுகொண்டிருந்தது.

திருவிழா வந்தது. சித்திரை வெயில். கருப்பசாமி கோயில் முன்னால் வேப்பிலைத் தோரணம், பறை, பொங்கல் பானைகளின் புகை. நேர்ந்துவிட்ட கிடாக்கள் மாலையோடு வரிசையாக நின்றன. எங்களுடையதற்கு அரளிமாலை. அம்மா காலையில் வெந்நீரில் அதைத் தானே குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் வைத்து, அதன் முகத்தைப் பார்க்காமல் நடத்திக் கூட்டிவந்தாள். என்னை வீட்டில் இருக்கச் சொன்னாள். நான் பின்னாலேயே வந்துவிட்டேன்.

முறை தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நேர்ந்த கிடா என்பதால் உடனே வெட்டிவிட மாட்டார்கள். பூசாரி அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். கிடா உடம்பைச் சிலுப்பவேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார், ஏற்றுக்கொண்டார் என்று பொருள். சிலுப்பும்வரை காத்திருப்பார்கள். மூன்று முறை ஊற்றியும் சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. ஆனால் தண்ணீர் பட்டுச் சிலுப்பாத வெள்ளாட்டை அதுவரை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

முன்னால் நின்ற கிடாக்கள் சொம்பு சாய்ந்ததுமே சிலுப்பின. குலவை எழும்பியது. எங்கள் முறை வந்தது. மஞ்சள் தண்ணீர் அண்டா காலையிலிருந்து வெயிலில் இருந்தது. பூசாரி ஒரு சொம்பு மொண்டு கிடாவின் தலையில் ஊற்றினார்.

கிடா கண்ணை மூடிக்கொண்டது.

பறைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மஞ்சள் தண்ணீர் காது வழியாகச் சொட்டியது. கிடா தாடையை லேசாக உயர்த்தியது. சித்தப்பா என் தோளைப் பிடித்தார். இதை அவர் முன்பே திட்டமிட்டுத்தான் கிடாவைப் பழக்கினார் என்று பிற்காலத்தில் பலர் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவள் நான். அந்த நிமிடம்வரை அவருக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்த அம்மாவுக்கும் தோன்றவில்லை.

பூசாரி இரண்டாவது சொம்பை முதுகில் ஊற்றினார். அது அசைபோட ஆரம்பித்தது. மூன்றாவது சொம்பை எடுத்தவர், காதுக்குள் விழும்படி நிதானமாக ஊற்றினார். கிடா ஒரு எட்டு முன்னால் வைத்தது. கழுத்தை நீட்டி, கொம்பின் அடிப்பக்கத்தைப் பூசாரியின் தொடையில் வைத்துத் தேய்த்தது. சொறிந்துவிடச் சொல்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “பூசாரி, சோப்பு போட மறந்துட்டீங்களே.”

சிரிப்பு வெடித்தது. பறைக்காரர் ஒருவர் பறையைத் தரையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான். என்னைத் தன்னோடு இறுக்கிக்கொண்டு பூசாரி முன்னால் போனாள்.

“சாமி ஏத்துக்கலீங்களே. எம் புள்ளமேல கோவமா இருக்காருங்களா?”

சிரித்தவர்கள் அடங்கினார்கள். பூசாரி கிடாவைப் பார்த்தார். அது இன்னும் அவர் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார்.

“கோவமா இருந்தா இந்தப் புள்ள இங்க நிக்குமா? அன்னிக்குப் புள்ளைய உன்கிட்டயே உட்டாரு. இன்னிக்குக் கெடாவையும் உன்கிட்டயே உடுறாரு. ரெண்டையும் நீயே வச்சுக் காப்பாத்தும்மா. கோயில ஒரு சுத்து சுத்திட்டுப் பொங்க வையி.”

அம்மா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே கிடாவின் கொம்புக்குக் கீழே சொறிந்துவிட்டாள். நானும் கிடாவும் கோயிலை ஒரு சுற்று சேர்ந்து சுற்றினோம். பொங்கல் பானையில் அது வாய் வைத்ததை யாரும் தடுக்கவில்லை.

சாமி வேண்டாம் என்று சொன்ன கிடாவின் சோப்பு என்ற பேச்சு அடுத்த சந்தைக்குள் அரியலூர்வரை போய்விட்டது. சோப்பு கேட்டுக் கொட்டகைக்கே ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கிடாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் சோப்பு வாங்கினார். அப்பா தன் வேட்டிகளை எடுத்துவந்து சித்தப்பாவின் வாளியில் போட்டார்.

அம்மாவின் பயம் மட்டும் முழுதாகப் போகவில்லை. அது வேறு வடிவம் எடுத்தது. அந்த ஆவணியில் முதல் மழை தூறியபோது, அம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினாள். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. கிடாவைச் சாக்கால் போர்த்தி அணைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தாள்.

“மழையில நனைஞ்சு சிலுப்பிருச்சுன்னா? உத்தரவு குடுத்ததா ஆயிராதா?”

அன்றிலிருந்து மேகம் கறுத்தால் எங்கள் வீட்டில் முதலில் உள்ளே வருவது காயும் துணி அல்ல, கிடா. மழைநாள் முழுக்க அது கூடத்தில் எங்களோடு இருக்கும். தும்மினால்கூட அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். அப்படியே அது முதுமைவரை வாழ்ந்து, ஒரு கோடைப் பகலில், முந்திரி நிழலில், படுத்த வாக்கில் போய்ச் சேர்ந்தது. அதற்குள் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி, இந்தத் தங்கை பிறந்து, அதன் கொம்பைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். அவளுக்கு அது நினைவில்லை.

இப்போது முன்பக்கப் படத்துக்கு வருகிறேன். புதுப் பையில் கிடா கண்ணைத் திறந்திருந்தது. பெரிய உருண்டைக் கண்கள். ஒன்றில் ஒரு மினுக்கு வேறு. பெரம்பலூரில் அம்மா என்னோடுதான் இருக்கிறாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியை வாங்கிப் பார்த்தாள். அவளே தங்கையை அழைக்கச் சொன்னாள்.

“ஏன்டி கண்ணத் தொறந்து உட்டீங்க?”

“ஆபீஸ்ல எல்லாரும் தூங்குற மாதிரி இருக்குன்னாங்க பெரியம்மா. முழிச்சிருந்தா சுறுசுறுப்பா இருக்கும்னு.”

“முழிச்சுதுன்னா சிலுப்பிரும்டி.”

மறுமுனையில் தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கைபேசியை வாங்கி, மேலே எழுதியதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கறிக்கடை ஆர்ட்டிஸ்ட் சொன்ன வித்தியாசத்தையும் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன், பேசி முடிக்கும்போது இங்கே இருட்டிவிட்டது. “இதெல்லாம் ஏன்க்கா எங்கிட்ட யாருமே சொல்லல” என்றாள். சித்தப்பாவிடம் அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமலே எல்லாருக்கும் தெரியும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நேற்று ஒரு பெட்டி வந்தது. புதுப் பைகள். பின்பக்கத்தில் கனவு இல்லை. “இந்தக் கிடா எங்கள் வீட்டுக் கிடா” என்று ஒரே வரி. முன்பக்கத்தில் பழைய இரண்டு வளைகோடுகள், சுற்றிலும் நுரை.

அம்மா ஒரு பையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவி உறுதிசெய்துகொண்டாள். பிறகு படத்தில் கொம்புக்குக் கீழே நகத்தால் மெல்லச் சொறிந்துவிட்டு, துணி ஊறவைக்கப் போனாள்.